எந்த நிறமும் இல்லாத உரல்

ஜெனோவாவில் தெருவே பாதி படிக்கட்டுதான்.
சாமான் இறக்குகிறவனுக்கு இந்த ஊரில்
மாடிக் கணக்கில் கூலி.
இந்த வீடு ஆறாம் மாடி, நூற்றுப் பதினாறு படி,
மூன்றாவது திருப்பத்தில் ஒன்று உடைந்திருக்கிறது,
லிஃப்ட் கிடையாது.

கதவைத் திறந்தவள் நீவெஸ்.
பெட்டிகளுக்கு நடுவே நின்றவன் எர்மான்னோ.
பதினோரு வருடம் ஒரே கூரை.
நீலப் பேனாவில் எழுதியவை அவளுடையவை,
சிவப்பில் எழுதியவை அவனுடையவை,
நான் சிவப்பை மட்டும் இறக்கினால் போதும்.

சமையல் மேடையில் ஓர் உரல்.
வெள்ளைப் பளிங்கு, நான்கு காது.
அதன்மேல் எந்த நிறமும் இல்லை.

"இது?" என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.

சந்தையில் கண்ணில் பட்டது எனக்கு என்றான்.
பேரம் பேசியது நான் என்றாள்.
மழையில் ஆறு மாடி சுமந்தது யார்?
சுமந்தவனுக்குக் குடை பிடித்தது யார்?
நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
துறைமுகத்தில் ஒரு கிரேன்
கன்டெய்னர் ஒன்றைத் தூக்கிவிட்டு
எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்கவிட்டிருந்தது.

அப்போது என் வயிறு சத்தம் போட்டது.
மூன்று பேருக்கும் கேட்டது.

அவள் பானையை அடுப்பில் வைத்தாள்,
கல்லுப்பை உள்ளே எறிந்தாள், எறிந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.
அவன் ஜன்னல் தொட்டியில் பேசில் பறித்தான்,
நகத்தளவு இலைகளாகப் பார்த்து.
பெரிய இலையில் புதினா வாடை வந்துவிடும் என்று
தொட்டியிடம் சொன்னான்.

பூண்டு ஒரு பல்லா அரைப் பல்லா என்று
இன்னொரு சண்டை. முக்கால் பல் போட்டார்கள்.

பிறகு நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.
குழவியை அவன் வலமாகச் சுற்றினான்.
உரலின் காதைப் பிடித்து அவள் இடமாகத் திருப்பினாள்.
எங்கள் ஊரில் இது ஒருவருடைய இரண்டு கைகளின் வேலை.
இவர்கள் வீட்டில் எப்போது இப்படி ஆனதோ,
இருவருமே கவனித்ததாகத் தெரியவில்லை.

பூண்டு உப்போடு கூழாயிற்று,
பைன் பருப்பு அதில் வெண்ணெயாயிற்று.
இலையை இடிக்கவில்லை, சுவரோடு சுவராகத் தேய்த்தார்கள்.
கல் குளிர்ச்சி; பச்சை கறுக்கவில்லை.
ஆட்டுப்பால் சீஸ் துருவல். எண்ணெய் நூலாக இறங்கியது.
"போதும்" என்றாள். நிறுத்தினான்.
அன்று காலையிலிருந்து
அவன் மறுபேச்சின்றிக் கேட்ட ஒரே சொல்.

பானையில் முதலில் உருளைக்கிழங்கு,
கொஞ்சம் பொறுத்து பீன்ஸ்,
அப்புறம் முறுக்கிவிட்ட குட்டி பாஸ்தா,
எல்லாம் அதே தண்ணீரில்.

தட்டெல்லாம் பெட்டிக்குள் போயிருந்தது.
நீலத்தைப் பிரிப்பதா சிவப்பைப் பிரிப்பதா என்று
ஒரு நிமிடம் நின்றவள்,
பாஸ்தாவை வடித்து உரலுக்குள்ளேயே கொட்டினாள்.
வெந்நீர் ஒரு கரண்டி விட்டுப் புரட்டினாள்.
முள்கரண்டி இரண்டுதான் வெளியே இருந்தது.
எனக்குக் கிண்டிய மரக்கரண்டி.

நின்றபடி, தலைகள் முட்டாத குறையாகச் சாப்பிட்டோம்.
முதல் வாயில் புல்வெட்டிய வாசம்,
பின்னாலேயே பூண்டு வந்து காதுவரை சுட்டது.
உப்பு கூடுதல்.
யாரும் சொல்லவில்லை.

கடைசி பீன்ஸை அவள் அவன் பக்கம் தள்ளினாள்.
அவன் என் பக்கம் தள்ளினான்.
தின்றுவிட்டேன்.

"எடுத்துக்கொண்டு போங்கள்" என்றாள்,
என்னைப் பார்த்து, அவனைப் பாராமல்.
கழுவக்கூட இல்லை.

மூன்றாவது திருப்பத்தில், உடைந்த படிக்கு மேலே,
மடியில் உரலோடு உட்கார்ந்திருக்கிறேன்.
குழவி மேலேயே நின்றுவிட்டது.
மேலே ஏறினால் ஐம்பத்தெட்டு படி,
கீழே இறங்கினாலும் அதே ஐம்பத்தெட்டு.
எனக்குப் பேசிய கூலி இறங்குவதற்கு மட்டும்.

அவன் எனக்குப் பின்னால் வந்திருக்க வேண்டும்.
காலடிச் சத்தம் இல்லை,
கதவு சாத்தும் சத்தமும் இல்லை.

உரலின் அடியில் இன்னும் கொஞ்சம் பச்சை.
விரலால் வழித்துக்கொண்டிருக்கிறேன்,
மெதுவாக.